அம்மா கொண்டுபோன ஆறு இலக்கம்

அரச அலுவலகமொன்றின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் வெளியே போய் வகுப்பு எடுக்க வேண்டும். மாதர் சங்கங்கள், பாடசாலைகள், மீனவர் சங்கக் கட்டடங்கள் என்று கதிரவெளிக்கும் போயிருக்கிறேன், கரடியனாற்றுக்கும் போயிருக்கிறேன். விஷயம் எப்போதும் ஒன்றுதான்: முகநூலும் மின்னஞ்சலும் களவு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி. கடவுச்சொல்லை யாரும் ஊகித்துவிடலாம், ஆகவே இரண்டாவதாக ஒரு பூட்டுப் போடுங்கள் என்பேன். புதிய போனிலிருந்து யாராவது உங்கள் கணக்கைத் திறக்கப் பார்த்தால் உங்கள் நம்பருக்கு ஆறு இலக்கம் வரும். அதைப் போட்டால்தான் திறக்கும். அந்த ஆறு இலக்கத்தைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று முடிப்பேன். ஆட்கள் சிரிப்பார்கள்.

எனக்கு ஒரு தங்கை. என்னைவிடப் பதினொரு வயது இளையவள். அப்பா இறந்தபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். சாதாரண தரம் படிக்கையில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தேவைப்பட்டது. நான்தான் திறந்து கொடுத்தேன். அவளிடம் அப்போது போன் இல்லை, அதனால் என் நம்பரைப் போட்டேன். இரண்டாவது பூட்டையும் போட்டு, அது எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குச் செய்து காட்டினேன். பிறகு அவள் பல்கலைக்கழகம் போகும்போது போனும் வாங்கிக் கொடுத்தேன். கணக்கில் இருந்த என் நம்பரை மாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். குருக்கள்மடத்தில் அம்மாவின் வீட்டுக்கு இரண்டு அறை கூட்டி, முன்பக்கம் மாபிள் பதித்து, தங்கைக்கென்று அதை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு வழி செய்யாமல் நான் கலியாணம் செய்ய முடியாது. எனக்கு முப்பத்தாறு வயதாகியிருந்தது. ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது.

அவள் விலங்கியல் படித்தாள். வாவியில் இறாலுக்கு வரும் நோயைப் பற்றி ஆராய்ச்சி. வாவித் தண்ணீரைச் சின்னப் போத்தல்களில் பிடித்துவந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவைப்பாள். மீன் வைக்க இடமில்லை என்று அம்மா ஏசுவாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்குப் புலமைப்பரிசில் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். அந்த விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவனும் நான்தான்.

அவள் கூடப் படித்த ஒருவனை விரும்பினாள். அவனுடைய தகப்பன் எங்கள் ஊர்க் கட்டாடியார். கோயில் திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் வெள்ளை கட்டுகிறவர், ஊரின் துணி வெளுக்கிறவர். அப்பாவின் பிரேதம் படலையைத் தாண்டியபோது அதன் முன்னால் நிலத்தில் வெள்ளை விரித்துக்கொண்டு போனவர் அவர்தான். அவருக்கு எங்கள் வீட்டில் தனிக் கோப்பை இருந்தது. முற்றத்தில் நின்று குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவருடைய மகன் பட்டப் பரீட்சையில் என் தங்கை வாங்கிய அதே வகுப்புச் சித்தியை வாங்கி, வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியராக இருந்தான்.

விஷயம் தெரிந்த அன்று அவளுடைய போனை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அடிக்கவில்லை. அடிக்காததை ஒரு பெருமையாக அப்போது நினைத்தேன். அம்மாவிடம் போன் கிடையாது. அவள் யாருடனாவது பேசுவதென்றால் தங்கையின் போனில்தான் பேசுவாள். ஆகவே வீட்டில் என் போன் மட்டும் மிஞ்சியது. இரண்டு கிழமை கழித்து நூலகத்துக்கென்று போன தங்கை திரும்பி வரவில்லை. அவனைப் பதிவுத் திருமணம் செய்து அக்கரைக்குப் போய்விட்டாள் என்று ஊர் வந்து சொன்னது. அதே கிழமை எனக்குப் பேசிய இடத்து ஆட்கள் தங்கள் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஆறு இலக்கக் கோட் முதல் தடவை ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. நான் அலுவலகத்தில் சாப்பிடப் போகிற நேரம். குறுஞ்செய்தியைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அவள் புதிய போனிலிருந்து மின்னஞ்சலைத் திறக்கப் பார்க்கிறாள். ஒரு நிமிடத்துக்குள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, நான்தான். உங்கட போனுக்கு இப்ப ஒரு கோட் வந்திரிக்கும். அத மட்டும் சொல்லுங்க. வேறொண்டும் வேணா."

"நீங்க ஆர் பேசிறீங்க?" என்றேன். பிறந்த நாளிலிருந்து அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அவள் அண்ணா என்று மறுபடி சொன்னாள். கோட் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டேன். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு உழவு இயந்திரம் ஓடுவது கேட்டது.

"பத்து நிமிசம்தான் செல்லும் அண்ணா. பிறகு வேலை செய்யாது."

நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன். காகிதம் கசங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை அவளும் துண்டிக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் அவளாகவே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை. ஆனால் கணக்கைத் திறக்கப் பார்ப்பதை விடவில்லை. அலுமாரியைப் பூட்டுவதற்கு முன்பு நான் அவளுடைய பழைய போனை எடுத்து இயக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு பின்னேரம் அது என் கையில் இருக்கும்போதே திரையில் கேள்வி வந்தது. அவள் போனைத் தமிழில் வைத்திருந்தாள். உள்நுழைய முயல்வது நீங்களா என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் ஆம். மற்றதில் இல்லை, நான் அல்ல.

இல்லை என்பதை அழுத்தினேன். அடுத்த நாளும் வந்தது. அழுத்தினேன். மூன்றாம் நாள் அழுத்தும்போது அம்மா அறை வாசலில் நின்றாள்.

"என்ன மனே அது?"

"ஆரோ களவா உள்ள வரப் பாக்கிறாங்க அம்மா."

அம்மா திரையைப் பார்த்தாள். அதில் தங்கையின் படம் வட்டமாகச் சின்னதாக இருந்தது. பிறகு குசினிக்குப் போனாள்.

அந்தக் கிழமைக் கடைசியில் அவளுடைய மின்னஞ்சலை நான் திறந்தேன். பழைய போனில் அது திறந்தபடியேதான் இருந்தது. எனக்குப் பூட்டு ஒன்றும் இல்லை. ஏன் திறந்தேன் என்பதற்கு இன்றுவரை சரியான காரணம் கிடையாது. அவனுடைய கடிதங்கள் இருக்கும், பார்க்கலாம் என்று நினைத்திருப்பேன். மேலேயே இருந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் கடிதம். நேர்முகத்துக்குத் தெரிவுசெய்திருக்கிறோம், உங்களுக்கு வசதியான நாளைப் பதினைந்து நாட்களுக்குள் எழுதுங்கள் என்று இருந்தது. இறால் நோயைப் பற்றிய அவளுடைய வேலை தங்களுக்குப் பிடித்திருப்பதாக ஒரு பேராசிரியர் தனியாக இரண்டு வரி சேர்த்திருந்தார்.

அந்த இரண்டு வரியையும் பலமுறை வாசித்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் திருத்திய ஆங்கிலம் அங்கே வேலை செய்திருந்தது. பிறகு அந்தக் கடிதத்தை வாசிக்காத கடிதமாகக் குறித்துவைத்துவிட்டுப் போனை அணைத்தேன்.

நாலு நாள் கழித்துத் திறந்தபோது இன்னொரு கடிதம் வந்திருந்தது. வேறொரு முகவரியிலிருந்து ஒருவர் தன்னை நீங்கள் என்று சொல்லி எங்களுக்கு எழுதியிருக்கிறார், உங்கள் பாதுகாப்புக்காக விண்ணப்பித்த முகவரிக்கு மட்டுமே பதில் அனுப்புகிறோம், அவர் நீங்கள்தானா என்று உறுதிப்படுத்துங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அவள் புதிதாக ஒரு முகவரி திறந்து அங்கிருந்து எழுதியிருக்கிறாள். அவர்கள் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறபடியே சரியாக நடந்துகொண்டார்கள். ஓம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அதையும் வாசிக்காததாகக் குறித்தேன்.

படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டு வருகிற பெண் ஒருத்தி உண்டு. அவளிடம் தங்கை அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாய்க்கு வாய் வந்த செய்தி, பாதிதான் வந்து சேர்ந்தது. இரவுச் சாப்பாடு வைக்கும்போது அம்மா கேட்டாள்.

"புள்ளைக்கு ஏதோ நம்பர் வேணுமாம். உன்ட போனுக்குத்தானாம் வாறது. அது இல்லாட்டிப் படிப்பு போயிருமாம்."

"குடுக்க ஏலா அம்மா. ஒருத்தருக்கும் குடுக்கப்படாது. அதான் முறை."

"அவள் ஒருத்தரா மனே?"

நான் சாப்பிட்டேன். அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்று பிறகு யோசித்ததுண்டு. கொடுத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். போன் யன்னல் விளிம்பில் கிடந்தது. செய்தி வந்த சத்தம் கேட்டது. தலையில் சவர்க்காரத்தோடு திரும்பிப் பார்த்தபோது யன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றாள். கலண்டர் தாளொன்றைக் கிழித்துச் சுவரில் வைத்து, பென்சில் துண்டால் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் இலக்கம் தெரியும். ஒரு இலக்கத்தைப் பார்ப்பதும் எழுதுவதும், அடுத்ததைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தாள். திரை அணைந்துவிட்டது. பயந்தபடி விரலால் தொட்டாள். மறுபடி வெளிச்சம் வந்தது. மிச்சத்தை எழுதினாள்.

நான் வாளியை விட்டு இன்னும் இரண்டு முறை தண்ணீர் அள்ளினேன். வேண்டுமென்றே நேரம் கொடுத்தேன்.

உள்ளே வந்தபோது அம்மா சேலை மாற்றியிருந்தாள்.

"துறையடிக்குக் கொண்டுபோய் விடுறியா மனே? அக்கரைக் கோயிலுக்கு ஒரு நேத்தி இரிக்கு."

ஓம் என்றேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். மற்றக் கை பொத்தியபடி மடியில் இருந்தது.

துறையில் பாதை நிற்கவில்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற அந்தத் தெப்பத்தை எங்கள் ஊரில் பாதை என்போம். அது அக்கரையில் நின்றது. அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மணியைப் பார்த்தேன். செய்தி வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவளுடைய கையில் இருந்த தாளில் இனி ஒன்றும் இல்லை. பாதை இந்தப் பக்கம் வர வேண்டும், அம்மா ஏறிக் கடக்க வேண்டும், இறங்கி ஒரு பஸ் பிடிக்க வேண்டும், பஸ்ஸால் இறங்கி வட்டைக்குள்ளால், வெட்டிய வயலின் வரம்பில், நடந்து போக வேண்டும்.

"சுணங்குமா மனே?" என்று கேட்டாள்.

"அவசரமில்லத்தானே அம்மா. மெள்ளப் போங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். தெரிந்தும் விடுகிறான், மனம் இரங்கிவிட்டான் என்று நினைத்திருப்பாள். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பாதையில் ஏறினாள்.

இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கன்றுக்குட்டி, உர மூட்டைகள், நாலைந்து ஆட்கள். நடுவில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொத்திய கையை நெஞ்சோடு வைத்திருந்தாள். பாதை மெதுவாகத்தான் போகும். கூப்பிட்டால் கேட்கிற தூரம் தாண்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நான் அங்கேதான் நின்றேன்.

அம்மா அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு வசனமும் தயாராக வைத்திருந்தேன். பிள்ளையைக் கேட்டீங்கதானே, அவளே சொல்லியிருப்பாள், இதெல்லாம் உங்களுக்கு விளங்காது என்று. பின்னேரம் அம்மா ஒரு தயிர் முட்டியோடு வந்து இறங்கினாள். முகம் தெளிந்திருந்தது. நேர்த்தி நல்லபடி முடிந்ததா என்று கேட்டேன். ஓம் மனே, எல்லாம் சரி என்றாள். அன்று எனக்குத் தயிர் ஊற்றிச் சோறு பிசைந்து வைத்தாள், சின்ன வயதில் வைத்ததைப்போல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கையைச் சந்திக்க முடியாமல் போயிருக்கும், அதை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் முடிந்ததும் பழைய போனைத் திறந்து பார்த்தேன். பதில் வராததால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் போனை நான் பிறகு தொடவில்லை.

நாலு வருடம் போயிற்று. எனக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்து, வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குப் போனேன். அம்மா அக்கரைக்குத் தங்கையிடம் போய்விட்டாள். நான் அதைத் தடுக்கவில்லை, கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. குருக்கள்மடத்து வீட்டைத் தங்கை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். மாபிள் பதித்த விறாந்தையோடு அது பூட்டிக் கிடக்கிறது. தங்கை ஒரு கொட்டிலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள் என்றும், ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன்.

போன வருடம் அம்மாவுக்கு ஒரு கண் மறைக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்தார்கள். தகவல் தயிர்க்காரப் பெண்ணால்தான் வந்தது. நான் பார்க்கப் போனேன். அம்மா ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்து, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ட மகள் வெளிநாடு போகத் தெரிவானவள். ஏதோ ஒரு பெட்டி பூட்டுப்பட்டுப் போச்சு. ஆறு இலக்கம் போட்டாத்தான் திறக்கும். நான்தான் எழுதிக்கொண்டு பாதையால போய்க் குடுத்தன். என்ட கண்ணுக்கு முன்னால போட்டுத் திறந்தாள். பிறகென்ன, அவங்கட சோதினையிலதான் சரிவரயில்ல. அதுக்கு நாம என்ன செய்யிற? நான் செய்யிறத்தச் செஞ்சிட்டன்."

பக்கத்துப் பெண் நல்ல தாய் என்றாள். அம்மா சிரித்தாள். "மகனும் நல்லவன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி என்னத் துறையடியில கொண்டுவந்து விட்டவன்."

நான் விறாந்தைக்கு வந்துவிட்டேன். அங்கே தண்ணீர்க் குழாயடியில் தங்கை அம்மாவின் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் குழாயைப் பூட்டினாள். நான் கேட்டதை அவள் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா கொண்டுவந்த நம்பர் செல்லாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணா."

"ஓம்."

"அம்மா துறையடியில ஏறக்குள்ளயே தெரியும்."

"ஓம்."

அவள் கோப்பையில் இருந்த தண்ணீரை உதறினாள். அன்று அம்மா வரம்பால் வந்தபோது காலில் முள் குத்தி இரத்தம் வடிந்ததாம். தாள் வேர்வையில் நனைந்து, ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாமல் இருந்ததாம். அம்மா அது எட்டு என்று அடித்துச் சொன்னாளாம். தங்கை போனை எடுத்து, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினாளாம். பிறகு வேறெதையோ திறந்து காட்டி, திறந்துட்டுது அம்மா என்றாளாம். இதையெல்லாம் அவள் குரல் உயராமல், யாரோ ஒருவருக்கு நடந்ததைப்போலச் சொன்னாள்.

"இப்பயும் சொல்லிராதீங்க" என்றாள். "நல்லவனாகிறத்துக்கெண்டு அம்மாட்டப் போய் மன்னிப்புக் கேட்டிராதீங்க. அதுக்குத்தான் சொல்றன்."

நான் அதைத்தான் செய்ய நினைத்திருந்தேன். அந்த விறாந்தைக்கு வருகிற பத்து அடிக்குள் அந்த எண்ணம் எனக்கு வந்திருந்தது. அவளுக்கு என்னைத் தெரியும்.

தலையை ஆட்டினேன். அவள் போகத் திரும்பினாள். அவளுடைய நம்பரைத் தரச் சொல்லிக் கேட்டேன், அம்மாவுக்கு ஏதாவது என்றால் எனக்குத் தெரிய வேண்டும் என்று.

"அம்மாக்கு ஏதுமெண்டா தயிர்க்காரி வந்து சொல்லுவா" என்றாள்.

கழுவிய கோப்பையோடு உள்ளே போனாள். யன்னலால் பார்த்தேன். அம்மா அவளிடம் யாருடன் கதைத்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். தங்கை ஏதோ சொன்னாள். அம்மா கட்டில்லாத கண்ணால் வாசல் பக்கம் தேடினாள். நான் உள்ளே போய் அவளுடைய காலடியில் உட்கார்ந்தேன். அம்மா கையை நீட்டி என் தலையைத் தடவினாள். நான் தடவவிட்டேன்.